மொட்டை மாடியை மேலிருந்து பார்த்தவர்கள்

மழைக்கு முன்னால் ட்ரோன் விட்டு மொட்டை மாடிகளைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்ற யோசனை சில மாதங்களாக நம் குடியிருப்பில் பேசப்படுகிறது. மேல்தளத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் செய்யுங்கள் என்கிறார்கள். கூரையில் ஒழுகி, சுவரில் ஓதம் ஏறி, இரண்டு தீபாவளிகளாகப் பெயின்ட் அடிக்க முடியாமல் இருப்பவர்கள் அவர்கள். வேறு சிலருக்கு வேறு கவலை. கேமரா மாடியை மட்டுமா பார்க்கும், என் பால்கனியையும் படுக்கையறை ஜன்னலையும் பார்க்காதா என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது நியாயம்தான். ஆனால் இந்த இழுபறி நாம் தொடங்கி வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். கூரைக்கு மேலே கேமரா போன காலத்திலிருந்தே இது உண்டு. பல ஊர் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கியும் இருக்கிறது.

வானத்திலிருந்து முதலில் புகைப்படம் எடுத்தவர் நதார் என்ற பாரிஸ்காரர். ஆண்டு 1858. கயிறு கட்டிய பலூனில் ஏறினார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். பலூனிலிருந்து கசிந்த வாயு ரசாயனத்தைக் கெடுத்ததால் படம் விழ வெகு பாடுபட்டார். அவர் எடுத்த அந்த முதல் படம் இன்று இல்லை. இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வான்படம் 1860இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்தது. அதைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கூரைகள்தான். கூரை, புகைபோக்கி, மறுபடியும் கூரை. தெருக்கள் நடுவில் வெறும் இடுக்குகளாகத் தெரிகின்றன. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுத் தலையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பார்கள்.

1906இல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தாலும் தீயாலும் அழிந்தபோது ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் 17 பட்டங்களைத் தொடராகக் கட்டி, கனமான கேமரா ஒன்றைச் சுமார் 2,000 அடி உயரத்துக்குத் தூக்கி, நகரம் முழுவதையும் ஒரே படத்தில் கொண்டுவந்தார். கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் கட்டடங்கள் வரிசை வரிசையாக அதில் தெரியும். சேதத்தை மேலிருந்து பார்த்து அளப்பது என்ற இன்றைய ட்ரோன் வேலையின் பாட்டன் என்று அந்தப் படத்தைச் சொல்லலாம். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் யூலியஸ் நாய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் சின்ன கேமரா கட்டிப் பறக்கவிட்டார். சில படங்களில் புறாவின் இறக்கை நுனியும் விழுந்திருக்கும். புறா எந்த வீட்டின் மேல் பறந்தது என்று யாரும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

சண்டை விமானங்களோடு வந்தது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்கு 67 அடி மேலே ராணுவ விமானங்கள் இரவும் பகலும் பறந்தன. பயந்துபோன கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. சுமார் 150 கோழிகள். நிலம் எவனுடையதோ, அதற்கு மேலே ஆகாயம் வரை அவனுடையது என்பது பழைய சட்டக் கொள்கை. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விமானங்கள் பறக்கும் காலத்துக்கு அந்தக் கொள்கை ஒத்துவராது என்றது. அதோடு நிறுத்தவில்லை. நிலத்தோடு சேர்த்து ஒருவர் புழங்கக்கூடிய அளவு மேல்வெளியாவது அவருக்கே சொந்தம் என்றும் சொல்லி, பண்ணைக்காரர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. எத்தனை அடி வரை என்று மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒற்றை எண்ணாக யாராலும் சொல்ல முடியாத விஷயம் அது.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. வீடுகளுக்கு மேலே சிறு விமானத்தில் பறந்து படம் எடுத்து, அதை அந்தந்த வீட்டுக்காரருக்கே விற்பது அங்கே ஒரு தொழிலாக இருந்தது. 1974இல் ஸ்கைவியூஸ் என்ற நிறுவனம் கென்ட் பகுதியில் ஒரு பண்ணை வீட்டைப் படம் எடுத்து, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டது. அந்த வீடு கிரானடா தொலைக்காட்சியைத் தோற்றுவித்த பெர்ன்ஸ்டைன் பிரபுவுடையது. ஊர் முழுக்க கேமரா கொண்டுபோகிற தொழிலில் இருந்தவருக்குத் தன் வீட்டைக் கேமரா பார்த்தது பிடிக்கவில்லை. அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். 1977இல் தோற்றார். நூற்றுக்கணக்கான அடி உயரத்தில் ஒரு தடவை பறந்து ஒரு படம் எடுப்பது அத்துமீறல் ஆகாது என்றார் நீதிபதி. ஆனால் அதே தீர்ப்பில், ஒரு வீட்டை மேலிருந்து ஓயாமல் கண்காணித்து, நடப்பதையெல்லாம் படம் எடுத்தால் அது தொல்லை என்று வழக்குத் தொடர இடம் உண்டு என்றும் எழுதினார். ஒரு தடவை பார்ப்பது வேறு, பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் கூரையை மையமாக வைத்து இன்னும் இரண்டு வழக்குகள் வந்தன. இரண்டிலும் கஞ்சாச் செடிதான் விஷயம். முதலாவது ஃப்ளோரிடாவில். செடி வளர்க்கும் கொட்டகைக் கூரையில் சில தகடுகள் விழுந்துபோயிருந்தன. போலீஸ்காரர் 400 அடி உயரத்தில் ஹெலிகாப்டரில் வந்து அந்த ஓட்டை வழியாக வெறும் கண்ணால் பார்த்தார். அந்த உயரத்தில் யார் வேண்டுமானாலும் சட்டப்படி பறந்திருக்கலாம், ஆகவே அவர் பார்த்ததில் தவறில்லை என்று 1989இல் தீர்ப்பானது. இரண்டாவது ஒரிகனில். தெருவில் காரில் உட்கார்ந்தபடி வெப்பம் காட்டும் கருவியால் ஒரு வீட்டைப் பார்த்தார்கள். கார் ஷெட்டின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடத்தைவிடச் சூடாகத் தெரிந்தன. உள்ளே செடிகளுக்கு எரிந்துகொண்டிருந்த விளக்குகளின் சூடு அது. கூரையின் வெளிப்புறத்தைத்தானே பார்த்தோம் என்றது அரசுத் தரப்பு. வீட்டுக்குள் நடப்பதைக் கருவி வைத்து அறிவது வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுவதற்குச் சமம், நீதிமன்ற ஆணை வாங்கியிருக்க வேண்டும் என்று 2001இல் 5க்கு 4 என்ற கணக்கில் முடிவானது. நம்மிடம் பேச வரும் ட்ரோன்காரர்கள் 'தெர்மல் கேமராவும் உண்டு' என்பார்கள். அது வெறும் கூரைப் படம்தானா என்ற கேள்வியை ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து விவாதித்து, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பிரிந்திருக்கிறார்கள்.

அந்தரங்கம் என்பது மேல்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஏன் என்று சிலர் சொல்லக்கூடும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. வழக்கத்தால் வரும் உரிமைகளைச் சொல்லும் 18ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது: அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புதிதாக ஜன்னல் திறக்கக் கூடாது என்று வழக்கம் உள்ள ஊர். 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு அப்படியே ஒரு வழக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய வராந்தாவிலிருந்தும் கதவுகளிலிருந்தும் தன் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம் தெரிகிறது என்பது புகார். வழக்கத்தின் அடிப்படையில் அப்படி ஓர் உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இங்கிலாந்துச் சட்டத்தில் அப்போது அப்படி ஓர் உரிமை கிடையாது. 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதற்கு நூறாண்டுக்கும் மேல் முந்திய கதை இது.

சரி, ட்ரோன் கூரை வேலைக்கு வந்தது எப்படி? காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் சரிவான கூரை, மேலே தார் பூசிய மெல்லிய தகடுகள். ஆலங்கட்டி மழை பெய்தால் தகட்டில் பள்ளம் விழும். நஷ்டஈடு கேட்டால் நிறுவனத்தின் ஆள் ஏணி போட்டு ஏறி, சாக்பீஸால் 10 அடிக்கு 10 அடி கட்டம் போட்டு, அதற்குள் எத்தனை அடி விழுந்திருக்கிறது என்று எண்ணுவார். மழை ஈரத்தில் சரிவில் நின்று செய்யும் வேலை. சறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2013இல் சாமானியர் வாங்கும் விலையில் கேமரா ட்ரோன்கள் கடைக்கு வந்தன. 2015 மார்ச்சில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கூரைகளைப் பார்க்க ட்ரோன் பறக்கவிட அந்நாட்டு அரசிடம் அனுமதி வாங்கியது. 2016 ஆகஸ்டில் பொதுவான விதிகளே வந்துவிட்டன. 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது கூரைக் கணக்கெடுப்பில் ட்ரோன்கள் பெரிய பங்கு வகித்தன. ஏணியில் ஏறும் ஆபத்து குறைந்தது, நஷ்டஈடும் சீக்கிரம் வந்தது. அதுவரை எல்லாம் நல்லதே.

அதன் பிறகு வந்த திருப்பத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்காமலேயே விமானம், ட்ரோன், செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கூரையின் நிலையைப் பார்த்து, பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கும் வழக்கம் அங்கே பரவியது. பாசி பிடித்திருக்கிறது, கூரை பழையது என்று காரணம். படம் பழையதாக இருந்தாலும், நிழலைக் கறை என்று தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும், அதை மறுக்க வேண்டிய பாடு வீட்டுக்காரருடையது. உதவிக்கு வந்த அதே படம், அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உபத்திரவமாகவும் ஆகியது.

இந்தியாவில் ட்ரோனின் சரித்திரம் சின்னது, கொஞ்சம் வேடிக்கையும்கூட. 2014 மே மாதம் மும்பையில் ஒரு கடை ட்ரோனில் பீட்சா அனுப்பிப் பார்த்தது. போலீஸ் விசாரணை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதையே தடை செய்தது. 2018 டிசம்பரில் தடை தளர்ந்தது. இப்போது நடப்பில் இருப்பவை 2021 ஆகஸ்ட் 25இல் வந்த ட்ரோன் விதிகள். வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி முன்பு 45 கி.மீ. வரை இருந்த மஞ்சள் வட்டம் 12 கி.மீ. ஆகச் சுருங்கியது. நாம் எந்த நிறத்தில் இருக்கிறோம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எவரும் பார்க்கலாம். பச்சைதான் என்று ட்ரோன்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், கமிட்டியே பார்த்துவிடுவது நல்லது.

400 அடி என்ற எண்ணைக் கவனித்தீர்களா? ஃப்ளோரிடா ஹெலிகாப்டர் வந்த அதே உயரம். அங்கே அந்த உயரத்தில் மேலே இருந்தவரை பொதுவெளியிலிருந்து பார்த்ததாகக் கணக்கு. ட்ரோனுக்கோ அதே எண் உச்சவரம்பு. அது அதற்குக் கீழே, நம் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் பறந்தாக வேண்டும். பழைய வழக்குகள் எதுவும் இந்த நெருக்கத்தைக் கண்டதில்லை. நம் விதிகளும் பெரும்பாலும் யார் எங்கே பறக்கலாம் என்பதைப் பற்றிப் பேசுகின்றன. எடுத்த படம் யாரிடம் இருக்கும் என்பதை நாம்தான் எழுதி வாங்க வேண்டும்.

நம் மாடிக்கு ட்ரோன் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிப்பார்கள். மேலே தட்டோடு. நம் கட்டடத்தில் உத்தரத்துக்குப் பதில் கான்கிரீட் தளம். ஜல்லியும் தட்டோடும் அப்படியேதான். ஓட்டு இணைப்பில் வெடிப்பு, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் விரிசல், தண்ணீர் தேங்கும் பள்ளம், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் வாய், டேங்க் மேல் முளைத்த அரசங்கன்று எல்லாம் ட்ரோன் படத்தில் தெளிவாகத் தெரியும். லிஃப்ட் ரூம் கூரைக்கும் டேங்க் மேலேயும் ஆள் ஏறுவது ஆபத்து. அங்கே ட்ரோன்தான் சரி. ஆனால் ஓட்டுக்கு அடியில் ஜல்லி விட்டுப்போயிருந்தால் படத்தில் தெரியாது. அனுபவமுள்ள மேஸ்திரி கம்பியால் தட்டிக்கொண்டே போவார், பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும். தண்ணீர் இறங்கும் இடம் ஒன்று, உள்ளே சொட்டும் இடம் வேறொன்று என்பதும் ஒழுகும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததே.

ஆகவே என் ஓட்டு ட்ரோனுக்கு, சில நிபந்தனைகளோடு. பறக்கும் நாளும் நேரமும் இரண்டு நாள் முன்னால் எல்லா பிளாக் நோட்டீஸ் போர்டிலும் வர வேண்டும். கேமரா கீழ்நோக்கியே இருக்க வேண்டும், பறக்கும்போது மேல்தளத்தார் ஒருவர் திரையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தெர்மல் கேமரா வேண்டுமானால் அதற்குத் தனியாகத் தீர்மானம். மெமரி கார்டு சங்கத்திடம் வர வேண்டும், நிறுவனம் பிரதி வைத்துக்கொள்ளவோ விளம்பரத்தில் போடவோ கூடாது, நம் வாட்ஸ்அப் குழுவிலும் யாரும் போடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு தடவை போதும். மாதாமாதம் பறக்கும் பேக்கேஜ் மலிவு என்று கொட்டேஷனில் ஆசை காட்டினாலும் வேண்டாம். ட்ரோன் வந்துபோன மறுவாரம் மேஸ்திரியைக் கம்பியோடு ஏற்றுவதற்கும் அதே பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிவிடுங்கள். அவருக்கு மூன்று பிளாக் மாடிச் சாவியும் வேண்டும். பி பிளாக் சாவி போன மழையிலிருந்து காணோம்.