தீய பிணையப் போக்குவரத்தைக் கண்டறியும் நரம்பு வலைகள்

கணினிப் பிணையத்தில் ஓடும் தரவுப் பாக்கெட்டுகளில் எது வழக்கமானது, எது தாக்குதல் என்பதை எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுப் பிரித்தறியும் முறை இது. இதற்குப் பயன்படும் நியூரல் நெட்வொர்க்கை இக்கட்டுரை நரம்பு வலை என்று குறிப்பிடுகிறது. இத்துறையில் தமிழகத்தின் பங்களிப்பு சென்னை கிண்டியிலும் கோவை எட்டிமடையிலும் உருவானது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கோ இது இன்றைய தேவை. ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டமும், இவ்வட்டாரத்துச் சிமென்ட் ஆலைகளும் அதற்குக் காரணங்கள்.

கணினியின் லாக் பதிவுகளைக் கவனித்தே அத்துமீறலைக் கண்டுகொள்ளலாம் என்று ஜேம்ஸ் ஆண்டர்சன் 1980-இல் ஓர் அறிக்கையில் எழுதினார். ஒவ்வொரு பயனரின் வழக்கத்தையும் புள்ளியியலாக வரைந்து, அதிலிருந்து விலகும் செயலைச் சந்தேகிக்கும் மாதிரியை டாரதி டென்னிங் 1987-இல் வெளியிட்டார். இதில் நரம்பு வலையைப் புகுத்திய முன்னோடிகள் எர்வே தெபாரும் அவருடைய கூட்டாளிகளும். பயனர் அடுத்து என்ன கட்டளை இடுவார் என்று 1992-இல் அவர்கள் வலையை ஊகிக்க வைத்தார்கள். ஊகம் அடிக்கடி பொய்த்தால், அந்தக் கணக்கில் வேறு யாரோ புகுந்திருக்கக்கூடும். பயனரை விட்டுவிட்டுப் பாக்கெட்டுகளின் பக்கம் 1998-இல் திரும்பினார் ஜேம்ஸ் கேனடி. அதே ஆண்டில் மார்ட்டின் ரோஷ் உருவாக்கிய ஸ்னார்ட், தெரிந்த தாக்குதல்களின் அடையாளப் பட்டியலை வைத்து ஒப்பிடும் எளிய மென்பொருள். அலுவலகங்களில் நிலைத்தது ஸ்னார்ட் வழிதான். நரம்பு வலை நெடுங்காலம் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது.

அதை ஆய்வுக்கூடத்தில் கட்டிப்போட்டது ஒரு தரவுத்தொகுப்பு. அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றின் பிணையத்தைப் போலி செய்து எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் 1998-இல் பதிவுசெய்த போக்குவரத்திலிருந்து பிறந்தது கே.டி.டி. கப் 99. பயிற்சிக்கு ஏறத்தாழ 49 லட்சம் இணைப்புகள்; ஒவ்வொன்றுக்கும் 41 பண்புகள்; சேவை முடக்கம், துழாவல், வெளியிலிருந்து நுழைதல், நிர்வாகி உரிமையைக் கைப்பற்றுதல் எனத் தாக்குதலில் நான்கு வகை. மிக ஆபத்தான கடைசி வகைக்கு அதில் இருந்த பதிவுகள் வெறும் 52. பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 விழுக்காடு ஒன்றின் நகலே மற்றொன்று என்று 2009-இல் தவல்லாயி குழுவினர் காட்டி, நகல்களை நீக்கி என்.எஸ்.எல்.-கே.டி.டி. என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். மனப்பாடம் செய்த வலைகூட 99 விழுக்காடு மதிப்பெண் வாங்கிவிடக்கூடிய தேர்வு அது. அந்த மதிப்பெண்ணை நம்பி உலகெங்கும் எழுதப்பட்ட ஆய்வேடுகள் ஏராளம், தமிழகக் கல்லூரிகளிலும் கூட. இது இத்துறையின் பெரிய இழப்பு.

கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. கண்ணன் குழுவினர் எந்தப் பண்புகளை வைத்துக்கொள்வது, எவற்றைக் கழிப்பது என்ற கேள்வியில் உழைத்தார்கள். அவர்களுடைய விரிவான மதிப்பாய்வு 2013-இல் வந்தது. எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகத்தில் ஆர். விநயகுமார், கே.பி. சோமன் முதலியோர் பல அடுக்குகள் கொண்ட ஆழ் நரம்பு வலைகளை எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலக அளவில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே தொகுப்போடு நிற்காமல் பல தொகுப்புகளில் தங்கள் வலையைச் சோதித்ததே அதன் சிறப்பு.

களத்தில் வேறொரு தடை உண்டு. ஒரு நாளில் 10 லட்சம் இணைப்புகள், அவற்றுள் 100 மட்டுமே தீயவை என்று கொள்வோம். நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகச் சந்தேகித்தாலே சுமார் 10,000 பொய் எச்சரிக்கைகள் எழும். அத்தனையையும் எந்த ஊழியர் பார்ப்பார்? ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999-இலேயே சுட்டிய சிக்கல் இது. ஆய்வகத்து வெற்றி களத்துக்கு ஏன் வருவதில்லை என்று ராபின் சோமரும் வெர்ன் பாக்சனும் 2010-இல் கேட்டதற்கும் இது ஒரு விடை.

தமிழகம் இணையத் தாக்குதலின் ஆபத்தை நேரில் கண்டது 2019-இல். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. செப்டம்பர் 4-ஆம் தேதியே இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அதைத் தெரிவித்திருந்தது. உலைக் கட்டுப்பாட்டுப் பிணையம் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றது கழகம்.

இதே ஆபத்து அரியலூர் வட்டாரத்துக்கும் உண்டு. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பி டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என அடுத்தடுத்து ஆலைகள் நிற்கின்றன. இன்றைய சிமென்ட் ஆலைகளில் சூளையையும் அரவை ஆலையையும் இயக்குபவை பி.எல்.சி. எனப்படும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிகள். இத்தகைய கருவிகள் பேசிக்கொள்ளத் தொழிற்சாலைகளில் பரவலாகப் புழங்கும் மாட்பஸ் நெறிமுறை 1979-இல் வந்தது. கட்டளையிடுபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதன் மூல வடிவில் இல்லை. ஆனாலும் நரம்பு வலைக்கு ஏற்ற இடம் அலுவலகத்தைவிட ஆலைதான் என்பேன். அங்கே இயந்திரங்கள் ஒரே கட்டளையை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப அனுப்புவதால், விலகல் பளிச்சென்று தெரியும். சிங்கப்பூரின் ஸ்வாட் நீர்ச் சுத்திகரிப்புச் சோதனை நிலையத்தில் ஏழு நாள் இயல்பான ஓட்டத்தையும், நான்கு நாளில் 36 தாக்குதல்களையும் பதிவுசெய்து ஆய்வாளர்களுக்குத் தந்தார்கள். சிமென்ட் ஆலைக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும்.

ஆலைகளை அடுத்து, பாரத்நெட் இணைக்கும் ஊராட்சிகள்: பெரம்பலூரில் 121, அரியலூரில் 201. அங்கெல்லாம் பாதுகாப்பு வல்லுநரை அமர்த்த இயலாது. மலிவான கருவியே காவல் காக்க முடியுமா? முடியும் என்று 2018-இல் காட்டியது இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்து கிட்சுனே. அதன் சிறு வலைகள் இயல்பான போக்குவரத்தைச் சுருக்கி மீண்டும் வரையக் கற்கின்றன. சரியாக வரைய முடியாமல் போனால் எச்சரிக்கின்றன. தாக்குதல் மாதிரி எதுவும் முன்கூட்டித் தேவையில்லை, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியே போதும்.

நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை. எப்படியும் சேர்த்தாக வேண்டிய அந்தப் பதிவுகளிலிருந்து தனிநபர் விவரங்களை நீக்கி, இவ்விரு மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கு ஆலைகளும் மாவட்ட நிர்வாகமும் தர முன்வர வேண்டும். மாணவர்களும் கே.டி.டி. 99-ஐ இனி விட்டுவிட்டு, தங்கள் கல்லூரிப் பிணையத்தின் போக்குவரத்தை உரிய அனுமதியோடு பதிவுசெய்வதிலிருந்து தொடங்கட்டும்.