நீலம் படர்ந்த அட்டை

குடல் புற்றுநோய் பல நேரம் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவோடுதான் தொடங்குகிறது. சிவப்பாகத் தெரிந்தாலே மூலம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் தெரியாததைத் தேடுவார்களா? தேடும் வழி 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. கரீபியத் தீவுகளின் குவாயகம் மரத்துப் பிசின், ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும், இரத்தம் இருக்கும் இடத்தில் நீலமாகும். வான் டீன் என்பவர் 1864இல் இதை இரத்தம் கண்டறியப் பயன்படுத்தினார். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தம் நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று பெர்லின் மருத்துவர் இஸ்மார் போவாஸ் 1901இல் எடுத்துச்சொன்னார். ஆனாலும் அந்தச் சோதனை வீட்டுக்குப் போன பிறகே பெரிய அளவில் உயிர் காக்கத் தொடங்கியது என்பது என் முடிவு.

ஓஹியோ மருத்துவர் டேவிட் கிரீகர் 1967இல் அந்த வீட்டுச் சோதனையைப் பதிவுசெய்தார். தொந்தரவு ஏதும் இல்லாதவர்களிடம் பிசின் ஏற்றிய தாள் அட்டையைக் கொடுத்தனுப்பினார். இறைச்சி இரத்தமும் நீலம் காட்டும் என்பதால் அதை விலக்கிவிட்டு, மூன்று நாள் மலத்தைக் குச்சியால் மெல்லத் தடவி, மூடித் தர வேண்டும். பின்பக்கம் பெராக்சைடு சொட்டு விட்டால் சிறிது நேரத்தில் விடை தெரியும். கூச்சப்பட்டு மருத்துவரிடம் வாய் திறக்காதவரும் இதைச் செய்யலாம்.

இதனால் சாவு குறைந்ததா? மினசோட்டாவில் 46,551 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது: ஆண்டுதோறும் சோதித்தவர்களிடையே குடல் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே அட்டைகளை நீரால் நனைத்துச் சோதித்ததால் பொய் எச்சரிக்கைகள் பெருகின, அத்தனை பேருக்கும் கொலனோஸ்கோப்பி (குடல் உள்நோக்கிச் சோதனை) செய்தால் சில புற்றுநோய்கள் தற்செயலாகவே அகப்பட்டிருக்கும் என்று சிலர் மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நனைக்காத அட்டையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்த நாட்டிங்ஹாம், டென்மார்க் ஆய்வுகளும் 1996இல் சாவு குறைந்ததைக் காட்டின; குறைவு 15, 18 சதவீதம். பலன் சிறுத்ததே தவிர, மறையவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கட்டி எல்லா நாளும் கசியாது. நீலம் வராத அட்டை ஒருவரை ஏமாற்றிவிடலாம். உண்மை. மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், காரணமின்றி எடை இறங்கினாலும், இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தாலும், வயிற்றுவலி விடாமல் இருந்தாலும், இரத்தம் கண்ணில் பட்டாலும், பழைய அட்டையை நம்பி இருக்கவே கூடாது; உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அட்டை, அறிகுறி ஏதும் இல்லாதவருக்கானது. இங்கிலாந்து 2006இல் இதை நாடு முழுக்கக் கொண்டுபோகத் தொடங்கி, 2019இல் ஒரே ஒரு மல மாதிரி போதுமான, உணவுக் கட்டுப்பாடு தேவையில்லாத புதிய சோதனைக்கு மாறியது. அதற்கு முன் நடந்த முன்னோட்டத்திலேயே, முந்தைய அழைப்புகளைத் தட்டிக்கழித்தவர்களில் மாதிரி அனுப்பியவர்களின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பானது.