பெரும்பாணாற்றுப்படையின் தினையும் ஆய்வுக்கூடத்தின் தினையும்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை வழிப்படுத்துகிறது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. 500 அடி கொண்ட இப்பாட்டைத் திணை நோக்கிலும் ஆட்சி வரலாற்று நோக்கிலும் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். வழிநெடுகப் பாணனுக்குக் கிடைக்கும் சோற்றை மட்டும் தொடர்ந்து போனால் வேறொரு வரைபடம் தெரியவரும். வறண்ட நிலத்து எயிற்றியர் மண்ணைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, நில உரலில் குற்றிச் சமைக்கிறார்கள். ஆயர் குடியிருப்பில் பாலும் தினைச்சோறும் கிடைக்கின்றன. முல்லை நிலத்து உழவர் வரகுச்சோற்றோடு அவரைப் புழுக்கு இடுகிறார்கள். மருதத்துக்கு வந்ததும் வெண்ணெல். வழி நெடுக நிலத்தின் நீர்வளத்துக்கு ஏற்பத் தானியமும் மாறிக்கொண்டே போகிறது.

இந்த வரிசையை நாகரிகத்தின் ஏணிப்படியாகக் கொண்டு, புல்லரிசியைக் கீழ்ப்படியிலும் நெல்லை உச்சியிலும் வைப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டில் எந்தச் சோறும் இழிவாகச் சொல்லப்படவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த நிலத்தின் விருந்து. தினை தாழ்ந்த பயிரானது பிறகுதான். அப்படி ஆனதற்கு அதன் இயல்பில் உள்ள குறை காரணமன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் புல்லரிசி. அதை ஏன் மண்ணிலிருந்து பொறுக்க வேண்டும்? காட்டுப்புல்லின் மணி முதிர்ந்தவுடன் உதிர்ந்துவிடும். புல்லின் இனம் பரவுவதற்கு அந்த உதிர்வு தேவை. எயிற்றியர் சேர்த்த புல் எதுவென்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் தக்காணத்துப் புதிய கற்கால ஊர்களின் சாம்பல் மண்ணைச் சலித்த தொல்தாவர ஆய்வாளர் டோரியன் புல்லரும் குழுவினரும், தினையின் உறவுப்புல்லான செட்டேரியா வெர்ட்டிசிலேட்டாவின் மணிகளை அங்கே முதன்மை உணவாகக் கண்டார்கள். இன்று நாம் தினை என்று அழைக்கும் செட்டேரியா இட்டாலிகா வட சீனத்தில் பயிராக்கப்பட்டுப் பின்னர் இங்கு வந்தது. அதன் காட்டு மூதாதை செட்டேரியா விரிடிஸ். இந்தக் காட்டுப்புல்லின் மரபணுத்தொகுதி 2020இல் வெளியானபோது, மணி உதிர்வை ஆளும் மரபணுக்களில் ஒன்று அடையாளம் காணப்பட்டது. பயிர்த்தினையில் அதே மரபணுவுக்குள் ஒரு தாவும் டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. மணி கதிரிலேயே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். கதிரில் நிற்கும் மணியைத்தான் கிளி தேடி வரும். பரண் கட்டிக் கிளி கடியவும் ஆள் வேண்டியிருக்கும். சங்கப் பாடல்களின் குறிஞ்சிக் காட்சி முழுவதும் உதிராத மணியின் மேல் நிற்கிறது என்பது என் துணிபு. தாவரவியலும் இலக்கியமும் இவ்வளவு நெருங்கும் இடங்கள் அரிது.

தினைப்புனம் காத்த வள்ளிக்குக் காஞ்சியில் தனி இடமுண்டு. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய இடமாக மரபு போற்றும் குமரகோட்டம், ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே இருக்கிறது. முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைப்பதும் நின்றுவிடவில்லை. ஆனால் ஊரின் கணக்கில் தினை இல்லை. பரமேச்சுரவர்மனின் கூரம் செப்பேடு ஏரி வெட்டியதையும் பாலாற்றிலிருந்து கால் கொண்டுவந்ததையும் சொல்கிறது. இளந்திரையன் பெயரோடு மரபு இணைக்கும் தென்னேரி, உத்தரமேரூரின் வயிரமேக தடாகம் என நீரைத் தேக்கிய இடமெல்லாம் நெல் விளைந்தது. வரியும் கோயில் நிவந்தமும் பணியாளர் ஊதியமும் கலக்கணக்கில் நெல்லாகவே அளக்கப்பட்டன. பட்டுத்தறியின் பாவுக்கு இடும் கஞ்சிகூட அரிசிக்கஞ்சிதான். மானாவாரி மேட்டில் விளைந்ததை அளந்து கல்லில் வெட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. கல்வெட்டில் குறைவாக இருப்பதைக் கொண்டு நிலத்திலும் குறைவாக இருந்தது என்று முடிவு கட்டுவது பிழை. தொண்டை மண்டல வேளாண் வரலாற்றில் அந்தப் பிழை ஊறிக் கிடக்கிறது.

இன்று தினை உலக ஆய்வுக்கூடங்களில் கொண்டாடப்படுகிறது. 9 இணைக் குரோமோசோம்களும் சுமார் 50 கோடி காரஇணைகளும் கொண்ட சிறிய மரபணுத்தொகுதி அதற்கு. கோதுமையின் தொகுதி இதைப்போல் முப்பது மடங்குக்கு மேல். 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே தினையின் தொகுதியை வெளியிட்டன. வெப்பத்திலும் வறட்சியிலும் திறம்பட இயங்கும் சி4 ஒளிச்சேர்க்கை அதன் பெருஞ்சிறப்பு. ஒரு கிராம் உலர்பொருள் ஆக்கக் கோதுமைக்கு 510 கிராம் நீர் வேண்டுமென்றால் தினைக்கு 257 கிராம் போதும் என்பது ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் கணக்கு. புதுதில்லி தேசியத் தாவர மரபணு ஆய்வு நிறுவனத்தில் மனோஜ் பிரசாத் குழுவினர், வறட்சித் தாங்கலோடு தொடர்புடைய ஒற்றை எழுத்து மாற்றத்தை டிரெப்2 வகை மரபணுவில் 2011இல் காட்டினார்கள். 2020இல் சீனத்தின் ஷான்சி ஆய்வாளர்கள் ஆய்வுக்கூட அலமாரியில் விரைந்து வளரும் குறுந்தினை ஒன்றை உருவாக்கினார்கள்.

இவை அரிய பணிகள். ஆனாலும் இவற்றில் கணிசமானவை தினையை மாதிரிப் பயிராகக் கொள்கின்றன: நெல்லுக்கு சி4 திறனை எப்படிக் கொண்டுபோவது, எரிபொருள் புல்லின் தண்டை எப்படி மாற்றுவது என்பன அவற்றின் கேள்விகள். நெல்லின் நலனுக்காகத் தினையைப் படிப்பதில் காஞ்சியின் பழைய அளவுகோல் வேறு வடிவில் தொடர்வதைக் காண்கிறேன்.

தினையை விதைக்கும் உழவரைக் கேட்டால் கேள்வி வேறாக இருக்கும். திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. கோ (தெ) 7 போன்ற பல்கலைக்கழக ரகங்கள் 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடுகின்றன. விளைச்சலோடு சிக்கல் முடிவதில்லை. ஆயிரம் மணி சேர்ந்தாலும் இரண்டு மூன்று கிராம்தான். அந்தச் சிறு மணியை இறுகப் பற்றியிருக்கும் உமியை நீக்க வேண்டும். நீக்கியபின் முளைப்பகுதியிலுள்ள கொழுப்பு காறல் வாடை அடிக்காமல் காக்க வேண்டும். உரலில் குற்றும் பாடு பெண்கள் தலையிலேயே விழுந்தது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்க முனைந்தபோது, விதையோடு ஊருக்குள் உமி நீக்கும் சிறு மில்லும் தேவைப்பட்டது இதனால்தான். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அதையொட்டி வந்த விளம்பரங்கள் புரதத்தைப் பேசிய அளவுக்கு உமியைப் பேசவில்லை.

உமியின் இறுக்கமும் மணியின் கொழுப்பும் மரபுப் பண்புகளே. உதிர்வைத் தேடிய அதே கருவிகளால் இவற்றையும் தேடலாம். ஐதராபாத் அருகேயுள்ள இக்ரிசாட் விதைக்காப்பகத்தில் 1,500க்கும் மேற்பட்ட தினை மாதிரிகள் இருக்கின்றன. அவற்றை எளிதில் உமி நீங்கும் தன்மைக்காகவும் தீட்டிய அரிசி கெடாமல் தாங்கும் நாளுக்காகவும் தரம் பிரித்தால், அத்தியந்தலின் ரகத்தேர்வு விளைச்சல் எடையோடு அரிசி எடையையும் கணக்கில் கொள்ளலாம். களத்துச் சோதனையைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மானாவாரி மேட்டில் வைக்க வேண்டும். ஏரிக்குக் கீழுள்ள களிமண் தினைக்கு ஆகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். நெல்லிடமிருந்து ஓர் ஏக்கரைக்கூடப் பிடுங்கத் தேவையில்லை. பாட்டில் பாணன் தினைச்சோறு உண்ட நிலம்போல், ஏரிநீர் எட்டாத புன்செய்தான் இதற்கும் வேண்டும்.