பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் பள்ளிச் சீர்திருத்தம்

பழவேற்காட்டு ஏரியில் எவருடைய வலை எந்நாளில் எவ்விடத்தில் விழ வேண்டும் என்பதைத் தலைக்கட்டுகளுக்குள் முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் ‘பாடு’ என்னும் வழக்கம் பல தலைமுறைகளாக நிலவி வருகிறது. அவ்வுரிமை குறிப்பிட்ட குப்பங்களின் ஆண் சந்ததிக்கே உரியது. பெண்களுக்கும், நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அதில் பங்கில்லை. பாடு உடையார், இல்லார் என்னும் இவ்வேற்றுமையை விலக்கிவிட்டு இக்கரையின் கல்வி வரலாற்றை எழுதுதல் இயலாது.

1953இல் சென்னை ராஜ்ய முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளியின் பாடவேளையை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலையோ பிற கைத்தொழிலையோ பழகுமாறு ஒரு திட்டம் வகுத்தார். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வி என்று கண்டித்துக் கிளர்ச்சி செய்தனர். 1954 ஏப்ரலில் பதவியேற்ற காமராஜரின் அரசு அடுத்த மாதமே அதனைக் கைவிட்டது. குப்பத்துச் சிறுவனுக்கு வலைத்தொழில் கற்பிக்க அரசாங்கத்தின் ஏற்பாடு எதுவும் தேவைப்பட்டதில்லை. தகப்பனோடு ஓடத்தில் ஏறினாலே அவ்வித்தை கைவந்துவிடும். அவனுக்கு எட்டாதிருந்தது எழுத்து ஒன்றே. ஆகவே, நோக்கம் எதுவாயினும், அத்திட்டம் அவனிடம் ஏற்கெனவே இருந்ததைக் கொடுத்து, இல்லாததைக் குறைக்க முற்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

பின்னர்க் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, நடந்துபோகும் தொலைவில் தொடக்கப்பள்ளி என்னும் கொள்கை மாநிலமெங்கும் பரவியது. 1956இல் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்தன. அன்றாட வரும்படியை நம்பிய மீனவக் குடும்பத்துக்கு இவற்றின் பயன் தனிப்பட்டது: முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல்நீர் வரத்துக் குன்றி, மீன்பாடு அருகும் மாதங்களில், பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு நிச்சயம் என்பதே பள்ளிக்கு அனுப்பப் போதிய காரணமாயிற்று.

எனினும் ஏற்றத்தாழ்வு அழிந்துவிடவில்லை, மேல்வகுப்புக்கு இடம்பெயர்ந்தது. பள்ளிக்குள் நுழைவதே அரிதாயிருந்த காலம் போய், மேல்நிலைக் கல்வியை முடிப்பதும் கல்லூரியை எட்டுவதும் அரிதாயின. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தி மெட்ரிகுலேஷன் பள்ளிகளை நாடினர். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைபெற்ற சமச்சீர்க் கல்வி பாடநூலைப் பொதுவாக்கியது. வீட்டில் கற்பிப்பாரையும் தனிப்பயிற்சியையும் அதனால் பொதுவாக்க இயலவில்லை. 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின் அவ்விடைவெளி வெளிப்படையாயிற்று. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வழங்கப்பட்டது அதற்கான பரிகாரமே.

அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பாடு உரிமையில் பங்கு பெறாத மகளுக்குக் கல்வியே சொத்து என்னும் நிலையில், இத்தொகையின் பெறுமதி அதன் எண்ணிக்கையினும் பெரிது. இருளர் பிள்ளைகள் நிலையோ வேறு: பழங்குடிச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெற்றாலன்றி ஒதுக்கீடும் உதவித்தொகையும் கிட்டா, அத்தாளுக்கான நெடிய காத்திருப்பிலேயே பலருடைய படிப்பு நின்றுவிடுகிறது.