சட்டகமும் பாடமும்: வி. கே. மூர்த்தியின் இரண்டு படங்கள்

இயக்குநர் குரு தத் 1925இல் பெங்களூரில் பிறந்தவர். அவருடைய ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி மைசூரில் பிறந்து, பெங்களூர் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்றவர். இருவரும் பம்பாயில் இணைந்து உருவாக்கிய படங்களுள் இரண்டு, திரைவிகிதம் குறித்த ஆய்வுக்கு நல்ல சான்றுகள். 1957இல் வெளியான 'ப்யாசா'வின் சட்டகத்தில் உயரம் 1 எனில் அகலம் 1.37. 1959இல் வந்த 'காகஸ் கே ஃபூல்' இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன் அகலம் 2.35.

இன்று இவ்விரண்டையும் பெரும்பாலோர் காண்பது 16:9, அதாவது 1.78 விகிதமுள்ள அகலத்திரைத் தொலைக்காட்சியில். பழைய தொலைக்காட்சியின் 1.33, சினிமாஸ்கோப்பின் 2.35 ஆகியவற்றின் பெருக்குச் சராசரி ஏறத்தாழ 1.77. 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் முன்மொழிந்த இவ்வடிவம் பல விகிதங்களுக்கு இடையே எட்டப்பட்ட சமரசம். ஆகவே மேற்கண்ட இரு படங்களில் எதுவும் அதில் இயல்பாக நிரம்புவதில்லை. 'ப்யாசா'வுக்கு இடமும் வலமும் கறுப்புப் பட்டை தேவை; 'காகஸ் கே ஃபூ'லுக்கு மேலும் கீழும் தேவை.

இப்பட்டைகளைக் குறையெனக் கருதித் திரையை நிரப்ப முயலும்போதுதான் சிதைவு நேர்கிறது. 'ப்யாசா'வை இழுத்து நிரப்பினால் உருவங்கள் சுமார் 30 விழுக்காடு அகன்றுவிடும்; பெரிதாக்கி நிரப்பினால் உயரத்தில் 23 விழுக்காடு மறையும். 'காகஸ் கே ஃபூ'லைப் பெரிதாக்கினால் அகலத்தில் 24 விழுக்காடு போய்விடும். முந்தைய 4:3 பெட்டியை அப்படத்தால் நிரப்பியிருந்தால் இழப்பு 43 விழுக்காடு.

இழக்கப்படுவது வெறும் ஓரமன்று. வெறுமையான படப்பிடிப்புத் தளத்தில் ஒளிக்கற்றை இறங்க, குரு தத்தும் வஹீதா ரஹ்மானும் விலகி நிற்கும் பாடற்காட்சியில் அவர்களுக்கு இடைப்பட்ட தொலைவே பொருளைத் தருகிறது. ஓரங்களை வெட்டினால் அத்தொலைவும் சூழ்ந்துள்ள இருளும் சுருங்கிவிடும். விளிம்பு முறிந்த ஓலைச்சுவடியைக் கொண்டு உரையெழுதுபவர், முறிந்த இடத்தைச் சுட்டாமல் மேற்செல்வதில்லை. திரைப்பட ஆய்விலோ, வெட்டுண்ட பிரதியைக் கொண்டு சட்டக அமைப்பைப் பகுப்பாய்வதும், அதனை மூலமாகவே மேற்கோள் காட்டுவதும் எளிதில் நிகழக்கூடியவை.

சரிபார்ப்பது கடினமன்று. காட்சியில் வரும் சக்கரம், நிலா போன்ற வட்டவடிவங்கள் வட்டமாகவே தெரிகின்றனவா என முதலில் நோக்க வேண்டும். முட்டைவடிவில் தெரிந்தால் தொலைக்காட்சியின் பட அளவுத் தேர்வு பிழையானது. 'ஸ்ட்ரெட்ச்', 'ஜூம்' ஆகியவற்றை நீக்கி மூல விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் வட்டம் சரியாக இருப்பதாலேயே படம் முழுமையானது என்று கொள்ளலாகாது. பெரிதாக்கி வெட்டிய பிரதியிலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். எனவே திரையில் தெரியும் படப்பரப்பின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, படத்தின் மூல விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். பிரதியிலேயே வெட்டப்பட்ட பகுதியை எந்தத் தேர்வும் மீட்டுத் தராது.

2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்ற மூர்த்தி, அவ்விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர். 2014இல் பெங்களூரில் மறைந்தார். அவருடைய கலையை ஆராயும் மாணவர், படத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு தாம் பார்த்த பிரதியின் விகிதத்தையும் குறிப்பிடுவது ஆய்வு நெறியின் பாற்பட்டது. ஒளிப்பதிவாளரின் முதல் தீர்மானம் சட்டகம். அதைத் தவறவிட்ட பகுப்பாய்வு அவர் எடுத்திராத படத்தைப் பற்றியதாகவே அமையும்.