ஷ்னிபிஷ்கேஸ் யூத இடுகாடு

ஷ்னிபிஷ்கேஸ் யூத இடுகாடு என்பது லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில், நேரிஸ் ஆற்றின் வலக்கரையில் அமைந்துள்ள பழமையான இடுகாடு ஆகும். இது பிரமோந்த் இடுகாடு எனவும் அழைக்கப்படுகிறது. இதன் மேற்பரப்பில் இருந்த கல்லறைக் கற்கள் அகற்றப்பட்டு, நிலத்தின் நடுவே சோவியத் காலத்தில் விளையாட்டு மாளிகை ஒன்று கட்டப்பட்டது. எனினும் இங்கு அடக்கம் செய்யப்பட்ட பலரின் எச்சங்கள் இன்றும் மண்ணுக்கடியில் உள்ளன.

வரலாறு

யூத மரபுச் செய்திகள் இவ்விடுகாட்டின் தோற்றத்தை 15 ஆம் நூற்றாண்டில் வைக்கின்றன. யூத சமயக் கல்வியில் சிறந்து விளங்கியதால் வில்னியஸ் 'லித்துவேனியாவின் ஜெருசலேம்' எனப் பெயர் பெற்றது. அந்நகரின் அறிஞர் பலர் இங்கு அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் புகழ்பெற்றவர் 'வில்னா காவோன்' எனப்படும் எலியா பென் சாலமோன் (1720–1797) ஆவார். உருசியப் பேரரசின் ஆட்சியில், 1831 இல் இடுகாடு மூடப்பட்டது.

அழிவு

இரண்டாம் உலகப் போரின்போது லித்துவேனிய யூதர்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இதனால் இடுகாட்டைப் பேண உள்ளூரில் மிகச் சிலரே எஞ்சினர். போருக்குப் பின் சோவியத் ஆட்சி இடுகாட்டை அழித்தது. காவோனின் எச்சங்கள் மட்டும் வேறு சிலருடையவற்றுடன் நகரின் மற்றொரு இடுகாட்டிற்கு மாற்றப்பட்டன. 1971 இல் விளையாட்டு மாளிகை திறக்கப்பட்டது.

பாதுகாப்புச் சிக்கல்

யூத சமயச் சட்டப்படி புதைகுழி அதில் அடக்கம் செய்யப்பட்டவருக்கே என்றும் உரியது. கற்கள் அகற்றப்பட்டாலும் நிலம் இடுகாடாகவே கருதப்படும். எச்சங்களைத் தோண்டுவதும் இடம் மாற்றுவதும் பொதுவாக விலக்கப்பட்டவை.

மறுபுறம், மாளிகையும் வரலாற்றுச் சிறப்புடையது. லித்துவேனிய விடுதலை இயக்கமான சாயூடிஸின் தொடக்க மாநாடு 1988 இல் இங்குதான் நடைபெற்றது. எனவே அக்கட்டடமும் மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஒரே நிலத்தில் இரு சமூகங்களின் நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதே இச்சிக்கலின் அடிப்படையாகும்.

2000களின் நடுப்பகுதியில் அருகில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தபோது பன்னாட்டு எதிர்ப்பு உருவானது. 2009 இல் லித்துவேனிய அரசு, ஐரோப்பிய யூத இடுகாடுகளின் பாதுகாப்புக் குழுவுடன் உடன்பாடு கண்டு இடுகாட்டின் எல்லையையும் பாதுகாப்பு வலயத்தையும் வரையறுத்தது.

2015 இல் மாளிகையை வாங்கிய அரசு அதனை மாநாட்டு மையமாக மாற்றத் திட்டமிட்டது. மண்ணைத் தோண்டாமல், சமய அறிஞர்களின் மேற்பார்வையில் புதுப்பிக்கலாம் என ஒரு தரப்பினர் ஏற்றனர். கல்லறைகளின் மேல் கேளிக்கை நிகழ்வுகள் நடப்பதே தகாது என மறுதரப்பினர் வாதிட்டனர். இதனால் யூத அமைப்புகளுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. 2021 இல் அரசு இத்திட்டத்தைக் கைவிட்டது. அதன் பின்னரும், இடுகாட்டை எவ்வாறு நினைவுகூர்வது, கட்டடத்தை என்ன செய்வது என்பன குறித்த விவாதம் தொடர்ந்தது.