படம் வந்தாலே போதுமா? கைபேசியில் ஒரு திறந்த கதவு

தெரியாத இணைப்பை அழுத்தக் கூடாது என்பது இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால், எதையும் அழுத்தாமலேயே, ஒரு படம் வந்து சேர்ந்ததாலேயே கைபேசி பிறர் வசம் போகுமா? போகும். போயிருக்கிறது.

2023இல், வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சமூக அமைப்பின் ஊழியருடைய ஐபோனை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் சோதித்தது. ஐமெசேஜில் வந்த படங்கள் வழியாக, இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் தயாரித்த பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்க முயன்றது தெரிந்தது. போன்காரர் எதையும் தொட வேண்டிய தேவையே இல்லை. செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் ஓட்டையை அடைத்தது. ஆப்பிளும் அந்த ஆய்வகமும் கொடுத்த தகவலின் பேரில், 'வெப்பி' வகைப் படங்களைத் திறக்கும் நிரலில் இருந்த ஓட்டைக்காக கூகுள் 11ஆம் தேதி குரோமைத் திருத்தி வெளியிட்டது.

இது எப்படி நடக்கிறது? படம் என்று நாம் பார்ப்பது, உள்ளே சுருக்கி மடித்து வைத்த எண்கள்தான். அதை விரித்துக் காட்ட ஒரு நிரல் வேண்டும். விரிப்பதற்கான அட்டவணைகளுக்கு அந்த நிரல் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறது. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த படம் அந்த இடத்தைத் தாண்டி எழுத வைக்கிறது. பக்கத்தில் இருப்பது அழிந்து, அங்கே தாக்குபவரின் கட்டளை குடியேற வழி பிறக்கிறது. 'வெப்பி' நிரல் ஒன்றுதான் என்றாலும், குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எனப் பலவற்றிலும் அதுவே இருந்தது. அதனால் ஒரே பிழைக்கு எல்லோரும் ஓட வேண்டியதாயிற்று.

2021இல் ஒரு சவூதி செயற்பாட்டாளரின் ஐபோனில் கண்ட கோப்புகள் இன்னும் விசித்திரமானவை. பெயரில் 'ஜிஃப்' படம். உள்ளே இருந்தது பிடிஎஃப். பழைய ஸ்கேன் பிரதிகளைச் சுருக்கும் ஒரு முறையில் இருந்த பிழைதான் அங்கே வாசல்.

இத்தகைய தாக்குதலுக்குப் பெரும் பணம் செலவாகும். பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள் போன்றோரையே குறி வைக்கிறார்கள். எனவே தினமும் வாழ்த்துப் படம் அனுப்பும் மாமாவைச் சந்தேகிக்க வேண்டாம்! ஆனால் திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே என்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்டேட் செய்யாத போன் அப்போதுதான் ஆபத்தில் நிற்கிறது.

நாம் புதுப் போன் வாங்கியதும் பழையதை உம்மாவுக்கோ பிள்ளைக்கோ கொடுத்துவிடுகிறோம். அதே போனில் வங்கிச் செயலியும் இருக்கும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பழையதாக இருந்து, புதிய அப்டேட்டும் வராவிட்டால், அந்தப் போனில் பணப் பரிமாற்றம் வேண்டாம். குரோமையும் வாட்ஸ்அப்பையும் பிளே ஸ்டோரில் தனியாகப் புதுப்பிக்கலாம். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைப்பதும் நல்லது; அது முழுப் பாதுகாப்பு அல்ல. பொதுவாழ்வில் இருப்பவர்கள் ஐபோனில் 'லாக்டவுன் மோட்' வசதியைப் போட்டுக்கொள்ளலாம். 2023 தாக்குதலை அது தடுத்திருக்கும் என்று சிட்டிசன் லேப் தெரிவித்தது.